பிபி மெஷின் சரியில்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

வருடா வருடம் நடக்கிற உடல் பரிசோதனைதான். கண் சரி, காது சரி, சர்க்கரை சரி. கடைசியாகக் கம்பெனி டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினார். உர்ரென்று காற்று ஏறிக் கையை நெரித்தது. 168/102. "பேசாம உக்காருங்க, இன்னொரு தடவ பாப்போம்" என்றார். 174/104. நான் பேசவே இல்லை.

"சங்கரலிங்கம், இதோட உங்கள மேல ஏத்த முடியாது. பிபி எறங்கட்டும், பாப்போம்."

கப்பலில் இருக்கிற கன்டெய்னரைக் கவ்வித் தூக்கி லாரியில் வைக்கிற வேலை என்னுடையது. கேபினின் தரை கண்ணாடி. இரண்டு பாதங்களுக்கும் நடுவே கப்பலைப் பார்த்துக்கொண்டே தூக்க வேண்டும். அங்கே மயக்கம் வந்தால் கீழே நிற்கிறவன் கதி என்ன? டாக்டர் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே! தலைசுற்றல் இல்லை, படபடப்பு இல்லை. நேற்று வரை தூக்கினேனே.

மத்தியானத்திலிருந்து துறைமுகத்தின் வாசல் கேட்டில் நிற்கிறேன். உள்ளே வருகிற லாரியின் கன்டெய்னர் எண்ணைச் சரிபார்க்கிற வேலை. எட்டு மணி நேரமும் புகை.

வீட்டுக்காரி செல்வியிடம் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாலு நாளு கீழ நின்னா என்ன, கால் தரையில பாவட்டும்" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

மரியான் வந்தான். என்னோடு ஒரே நாளில் கிரேனில் ஏறியவன். தாளமுத்துநகர்க்காரன். ஆறுதல் சொல்ல வந்தவன் பயமுறுத்திவிட்டுப் போனான்.

"ஏலே லிங்கம், மாத்திரைன்னு ஆரம்பிச்சிராத. மாத்திரை திங்கவன மேல ஏத்த மாட்டாங்கன்னு சொல்லுதாங்க. அப்புறம் ஆயுசுக்கும் கேட்டுதான்."

"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்தான்."

ஆயுசுக்கும் கேட்டா? நாற்பத்தேழு வயதில்?

பிப்ரவரி 7, வெள்ளி

பாலகணேஷ் அண்ணாச்சியின் மெடிக்கலில் ஒரு பிபி மெஷின் வாங்கினேன். கையகலப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் பட்டை. இது எப்படித்தான் கண்டுபிடிக்கிறது என்று கேட்டேன்.

"பட்டை கைய நெரிச்சு ரத்த ஓட்டத்த நிப்பாட்டிரும் அண்ணாச்சி. பொறவு காத்த மெல்ல மெல்ல விடும். ரத்தம் திரும்பவும் முட்டிக்கிட்டுப் பாயும்லா, அந்தத் துடிப்பு பட்டையில அதிரும். அந்த அதிர்வ வச்சு மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லும். மேல உள்ள நம்பர் இருதயம் அமுக்கும்போது உள்ளது. கீழ உள்ளது இருதயம் ஓஞ்சிருக்கும்போது உள்ளது."

"பழைய பாதரச மெஷின்?"

"அதுலயும் இதே வித்ததான். டாக்டரு காதுல கொழாய மாட்டிச் சத்தம் கேப்பாரு. சத்தம் தொடங்குற எடம் மேல் நம்பர், சத்தம் அடங்குற எடம் கீழ் நம்பர். இதுல காதுக்கு வேல இல்ல."

வீட்டுக்கு வந்ததும் கட்டிப் பார்த்தேன். 160/98. உடனே இன்னொரு தடவை. 164/100. தண்ணீர் குடித்துவிட்டு ஒரு தடவை. சாமி கும்பிட்டுவிட்டு ஒரு தடவை. கை சிவந்துபோனது.

"அத ஏன் இப்படிப் போட்டு வதைக்கிய? அதுக்கு வாயிருந்தா அழுதுரும்" என்றாள் செல்வி.

பிப்ரவரி 9, ஞாயிறு

எனக்கு இன்று பெரிய நிம்மதி!

காலையிலிருந்து என் கையில் 150-க்குக் கீழே வரவே இல்லை. ஒரு யோசனை தோன்றியது. மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நல்ல ஆள் கையில் கட்டிப் பார்த்தால் தெரியும். செல்வியைக் கூப்பிட்டேன். ஒரு நாள் படுத்தவள் இல்லை. காய்ச்சலிலும் எழுந்து நின்று சோறு பொங்குகிறவள்.

"எனக்கு எதுக்கு? உல கொதிக்கு" என்றாள். இழுத்து உட்காரவைத்தேன்.

182/108.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பானு குளித்துவிட்டு வந்தவள் என்னவென்று கேட்டாள். "ஒங்க அம்மைக்கு என்னய விடக் கூட. இப்பவே ஆம்புலன்ஸக் கூப்பிடு" என்றேன். செல்வி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்ல மெஷின் வாங்கிட்டு வந்திய போங்க."

மெஷின் சரியில்லை. அவ்வளவுதான். கம்பெனி மெஷினும் இப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

கேட் வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். அண்ணாச்சி தன் கையில் கட்டிப் பார்த்தார். 124/80. "எனக்குச் சரியாத்தான காட்டுது" என்றார். என் வீட்டுக்காரிக்கு 182 காட்டுகிறது என்றேன். அவர் பட்டையைக் கழற்றிச் சுருட்டினார்.

"அவங்களுக்கு ஒருவேள..."

"அவளுக்கு ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. வேற மெஷின் குடுங்க."

மாற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 12, புதன்

புது மெஷின். எனக்கு 154/96. செல்விக்கு 186/110.

இதுவும் அதே லட்சணம். ஒரே கம்பெனியில் செய்தது, ஒரே மாதிரிப் பிழை.

பானு மட்டும் புதிதாக ஒன்று கேட்டாள். சாயர்புரத்தில் பி.காம். படிக்கிறாள், எதையும் கணக்காகப் பார்ப்பாள். தன் கையில் கட்டிக்கொண்டு 108/70 என்று காட்டினாள். "எனக்குச் சரியாத்தானப்பா இருக்கு. அம்மாவுக்கு மட்டும் ஏன் கூடுது? அம்மாவுக்குத் தலைவலி வேற இருக்குல்லா?"

"குனிஞ்சே தச்சுக்கிட்டுருந்தா தலை வலிக்காம?"

செல்வியும் உள்ளே இருந்து, "ஊசிய உத்து உத்துப் பாத்தா பெடரிதான் வலிக்கும். நீ காலேஜுக்குக் கெளம்புளா, பஸ் போயிரும்" என்றாள்.

சரிதானே.

பிப்ரவரி 15, சனி

கருவாட்டை நிறுத்தியாயிற்று. ஊறுகாய் நிறுத்தியாயிற்று. ஊரைச் சுற்றி உப்பளமாக இருக்கிற இடத்தில் நான் உப்பில்லாத ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். செல்வி எனக்குத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, அவளுக்கும் பானுவுக்கும் உப்புப் போட்டுக்கொள்கிறாள்.

இன்று காலை 148/94. சாயங்காலம் 162/98. காலைக்கும் மாலைக்கும் நடுவே என்ன நடந்தது? லாரி எண் சரிபார்த்தேன், டீ குடித்தேன். வேறு ஒன்றுமில்லை. மனது நிலையாக இல்லை. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் கட்டிப் பார் என்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேட்டிலிருந்து பார்த்தால் கிரேனின் கால்கள் மட்டும்தான் தெரிகின்றன.

பிப்ரவரி 22, சனி

கம்பெனி டாக்டரிடம் திரும்பவும் காட்டினேன். அவர் அறைக் கதவைத் தொடும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. 170/100. "வெளிய ஒரு டாக்டரப் பாருங்க. சும்மா தள்ளிப் போடாதீங்க" என்றார்.

போகலாமா? போனால் மாத்திரை. மாத்திரை என்றால் கேட்.

வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பானு சாப்பிடாமல் எழுந்து போனாள். செல்வி மட்டும் எதிரே வந்து நின்றாள். "நாளைக்கே டாக்டரப் பாக்கப் போறிய. இல்லன்னா நான் ஒங்களோட பேசப் போறதில்ல." நாளைக்கு ஞாயிறு என்றேன். "அப்ப திங்கக்கெழம" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

திங்கள் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. இரண்டு நாளும் செல்வி சொன்னபடியே பேசவில்லை. இன்று போனேன்.

டாக்டர் அனுசியா. சின்ன கிளினிக். மெஷினை எடுப்பார் என்று பார்த்தால் முதலில் தையல்காரர் மாதிரி இஞ்ச் டேப்பை எடுத்து என் மேல்கையைச் சுற்றி அளந்தார்.

"இதுக்கு முன்னாடி பாத்தப்ப எந்தப் பட்டை கட்டுனாங்க?"

"எல்லாருக்கும் கட்டுறதத்தான்."

"அது உங்க கைக்குச் சின்னது. பெருத்த கையில சின்னப் பட்டையக் கட்டினா, ரத்தக் குழாய அமுக்க அது கூடுதலா நெரிக்கணும். அதனால உள்ளதுக்கு மேல காட்டும்."

பெரிய பட்டை ஒன்றை எடுத்தார். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார். நான் வீட்டில் ஒரு நாளும் இப்படி உட்கார்ந்ததில்லை. கட்டிலின் நுனியில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கையைக் காற்றில் நீட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

142/88.

"இதுலயும் கொஞ்சம் பயம் சேந்திருக்கும். டாக்டரக் கண்டாலே சில பேருக்கு ஏறும். ஒரு நாள் முழுக்க நீங்க நடமாடும்போதும் தூங்கும்போதும் அளந்துக்கிட்டே இருக்குற மெஷின் இருக்கு. அதக் கட்டிப் பாப்போம். அதுல தெரிஞ்சுரும்."

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிரேன் ஓட்ட முடியாதாமே என்று கேட்டேன். சிரித்தார். "கட்டுக்குள்ள இருந்தா ஓட்டலாம். கட்டுக்குள்ள இல்லாம ஓட்டுறதுதான் தப்பு. யாரு உங்ககிட்ட அப்படிச் சொன்னது?" மரியான் பெயரைச் சொல்லவில்லை.

ஆக, பட்டைதான் காரணம்! என் கை பெருத்த கை.

செல்வியின் கை மெலிந்த கை. அப்படியானால் அவளுக்கு ஏன் — சரி, முதலில் இந்த ஒருநாள் மெஷின் முடியட்டும்.

மார்ச் 3, திங்கள்

இடுப்பில் ஒரு பெட்டி, கையில் பட்டை, சட்டைக்குள் குழாய். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே ஊதி நெரிக்கிறது. அது நெரிக்கும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். கேட்டில் லாரிக்காரன் ஒருவன், "என்ன அண்ணாச்சி, செல போல நிக்கிய?" என்றான். டீக்கடையிலும் நின்றேன், பஸ்ஸிலும் நின்றேன். வீட்டில் செல்வி நான் நிற்கிறதைப் பார்த்துத் தானும் அசையாமல் கரண்டியோடு நின்றாள். பெட்டி ஓய்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம்.

மார்ச் 5, புதன்

பகல் சராசரி 130/82. தூங்கும்போது 114/70.

"நீங்க தூங்கும்போது நல்லா எறங்குது. மாத்திரை வேண்டாம். எடையக் குறைங்க, உப்பு அளவா இருக்கட்டும், அப்பப்போ வந்து காட்டுங்க" என்றார் டாக்டர் அனுசியா. கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வழியில் செல்விக்கு மல்லிகைப் பூ வாங்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

கம்பெனி டாக்டர் பெரிய பட்டையை வரவழைத்துக் கட்டினார். 138/86. "நம்ம பட்டைதான் தப்பு பண்ணிருக்கு" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை கிரேன்!

மார்ச் 9, ஞாயிறு

மெஷினை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாயிற்று. இனி இந்த வீட்டில் யாரும் யார் கையையும் நெரிக்க வேண்டாம். மத்தியானம் உப்புப் போட்ட மீன்குழம்பு. நாளைக்குக் காலை மரியான் பைக்கில் வந்து கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறான்.

செல்விக்குத் தலைவலி. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரி.

மார்ச் 12, புதன்

எழுத வேண்டும் போல இருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல? பானு அழுதுகொண்டே இருக்கிறாள். அவளிடம் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலையில் நான் யூனிஃபார்ம் போட்டாயிற்று. மரியான் வாசலில் ஹாரன் அடித்தான். செல்வி இட்லி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். சட்னிக் கரண்டி அவள் கையிலிருந்து விழுந்தது. "என்னளா?" என்றேன். குனிந்து எடுக்கப் போனாள். கை போகவில்லை. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அது வார்த்தையே இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கே அது தெரிந்து, பயந்து, திரும்பவும் சொல்லப் பார்த்தாள். அந்தக் கண்ணை என்னால் மறக்க முடியாது.

மரியான்தான் ஆட்டோவை மறித்துப் பிடித்தான். முன்னால் பைக்கில் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். பெரியாஸ்பத்திரியில் இறக்கினோம்.

ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்கள் என்று கேட்டார். இப்போதுதான், ஏழு மணிக்கு இட்லி ஊற்றும்போது என்னோடு பேசினாள் என்றேன். "நல்லவேள, சீக்கிரம் வந்துட்டீங்க. இவங்களுக்கு பிபி உண்டா?"

"இல்ல டாக்டர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பட்டையைக் கட்டினார்கள். 214/120.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

என்ன சொல்ல? என்ன சொல்ல நான்?

"பாத்தேன். வீட்டு மெஷின்ல. நூத்தி எம்பத்திரெண்டு இருந்துச்சு. இன்னொரு மெஷின்ல நூத்தி எம்பத்தாறு. மெஷின் சரியில்லன்னு நெனச்சேன்."

அவர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "எத்தன நாளா?" என்றார். ஒரு மாதமாக என்றேன். எழுதிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். "அடைப்பக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா பிபி இவ்வளவு இருக்கும்போது அதப் போட்டா உள்ள கசிஞ்சிரும். நூத்தி எம்பத்தஞ்சுக்குக் கீழ வரணும். எறங்க மருந்து ஏத்துறோம். நேரமும் ரொம்ப இல்ல."

கட்டிலுக்கு மேலே ஒரு திரை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பட்டை தானாக ஊதியது. ஊதி, ஓய்ந்து, எண் வரும். 206. நான் அவள் கால்மாட்டில் நின்றேன். 198. அடுத்தது 199. ஏன் ஏறுகிறது? ஏன் ஏறுது? மருந்து ஏறுதா இல்லியா? நர்ஸம்மா "அமைதியா இருங்க" என்றார். 191. திரையைப் பார்க்காமல் செல்வியைப் பார்க்க நினைத்தேன், முடியவில்லை. பட்டை அவள் கையில் நன்றாகப் பொருந்தி இருந்தது. அவள் கைக்கு அது சரியான அளவு. வீட்டில் நான் கட்டிய பட்டையும் அவள் கைக்குச் சரியான அளவுதான். என் கையில்தான் அது தப்பாகக் காட்டியது. அவள் கையில் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

187. திரும்பவும் 187. மரியான் வாசலில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றான். எனக்குக் கும்பிடக்கூட வரவில்லை.

181.

"ஊசி எடுங்க" என்றார் டாக்டரம்மா.

மார்ச் 13, வியாழன்

செல்வியின் வலது கை விரல்கள் அசைகின்றன. கட்டை விரலும் அடுத்த இரண்டும்.

மார்ச் 15, சனி

பேச்சு வருகிறது, ஆனால் வார்த்தை மாறிப்போகிறது. தண்ணீர் கேட்க நினைத்துச் "சாவி" என்கிறாள். தப்பு என்று அவளுக்கே தெரிகிறது. தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். டாக்டரம்மா, வரும், ஆனால் மெதுவாக வரும் என்றார்.

பிபி எத்தனையோ நாளாக ஏறியே இருந்திருக்கும் என்றும் சொன்னார். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாதாம். அதனால்தான் மெஷின் வைத்துப் பார்க்கச் சொல்வது. நான் பார்த்தேனே. எல்லோரையும் விட அதிகமாகப் பார்த்தேனே.

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். படியேற என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷினைப் பார்த்ததும் அதன்மேல் கிடந்த துணிகளை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

அலமாரிக்கு மேலிருந்து மெஷினை எடுத்துத் தூசி தட்டினேன். செல்விக்குக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதுகுக்கு நாற்காலி, பாதத்துக்குத் தரை, கைக்கு மேசையும் தலையணையும். ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பானு டிவியை அணைத்தாள்.

பட்டையைக் கட்டத் தெரியாதவன் மாதிரி இரண்டு தடவை கட்டினேன். 152/92.

"ச... சரியா?" என்றாள்.

"எறங்கிக்கிட்டு வருது."

மார்ச் 28, வெள்ளி

பானு காலேஜுக்குப் போன பிறகு சொன்னேன். எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? "நான் பாத்துட்டும் விட்டுட்டேன் செல்வி" என்றேன். அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிச் சொன்னாள்.

"நீங்க ஒளிச்சா வச்சிய? எனக்கும்தான்... காட்டுனிய. நானும்தான் சிரிச்சேன்."

பிறகு, "ஒங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு... நெனச்சேன். அதுக்கு... அந்த இது... மெஷின். கெட்டுப் போயிருக்கணும்லா" என்றாள்.

அவளும் என் கையைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். இந்த வீட்டில் பானுவைத் தவிர அவள் கையைப் பற்றி யோசிக்க ஆளே இல்லை.

எழுந்துபோய்க் கொல்லையில் நின்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

செல்விக்குக் காலை 138/86. மாத்திரை வேலை செய்கிறது.

மூன்று பேருக்கும் இப்போது ஒரே குழம்புதான். உப்பு அரை. பானு முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறாள்.

ஏப்ரல் 9, புதன்

பாலகணேஷ் அண்ணாச்சி கடையில் செல்வியின் மாத்திரை வாங்கினேன். அன்றைக்கு நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் பண்ணிவிட்டேன் என்றேன். "நானும் இன்னொரு வார்த்த சொல்லிருக்கலாம் அண்ணாச்சி. வாடிக்கைக்காரர் கோவிச்சுக்கிருவாருன்னு விட்டுட்டேன்" என்றார். கூட்டம் வந்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

லீவு முடிந்து கேட்டில்தான் நிற்கிறேன். இன்று கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். உன் ஃபிட்னஸ் அப்படியே இருக்கிறது, எப்போது மேலே ஏறுகிறாய் என்று கேட்டார் மேனேஜர். கிரேன் என்றால் மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி வர வேண்டும். செல்வியைக் காலையில் கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும், சாயங்காலம் நடக்கவைக்க வேண்டும். பானுவுக்குப் பரீட்சை.

"இப்ப வேண்டாம் சார். கேட்டுலயே பகல் ஷிஃப்ட் குடுங்க" என்றேன்.

அவர் நான் சொன்னது காதில் சரியாக விழாதது மாதிரி இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

மரியான் கேட்டுக்கே வந்து சண்டை போட்டான். "ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? எடத்த விட்டா இன்னொருத்தன் ஒக்காந்துருவான்."

"ஒக்காரட்டும்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கிரேனின் கால்கள் நகரும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனாலும் வந்து படுத்ததும் தூங்கிவிட்டேன்.

செல்வியிடம் சொன்னதற்கு, "என்னயச் சாக்கா வச்சுக்கிட்டு... சும்மா நிக்கப் பாக்கியளா?" என்றாள். முழு வாக்கியம். ஒரு இடத்தில்தான் தடுக்கினாள்.

மே 12, திங்கள்

காலை செல்விக்கு 128/80. டாக்டரம்மா பார்த்துவிட்டு, மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள் என்றார். என் கைக்குப் பெரிய பட்டை ஒன்றும் வாங்கியாயிற்று. வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்கிறேன். போன வாரம் பார்க்க மறந்தே போனேன்.

சாயங்காலம் தெருமுனை வரை நடந்தோம். இப்போது என் தோள் வேண்டாம் என்கிறாள். பக்கத்தில் வந்தால் போதும். முனையில் ஞானபாய் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விரித்திருந்தார். செல்வி நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தானே மீன் வாங்கப் போகிறாள்.

"வா தாயி. என்ன வேணும்?" என்றார் ஞானபாய்.

செல்வி வாயைத் திறந்தாள். வரவில்லை. கண் தட்டில் இருந்த மீனிலேயே இருந்தது. உதடு கூடியது, பிரிந்தது. எனக்குத் தெரியும் அவள் எதைக் கேட்கிறாள் என்று. என் நாக்கின் நுனியில் இருந்தது. ஞானபாய் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவர் மீன்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். செல்வியின் வலது கை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது.

"வெளமீன்" என்றாள்.

உடனே, யாரும் மூச்சுவிடும் முன்னால், "நேத்துப் பிடிச்சதா இன்னைக்குப் பிடிச்சதா? செவுளத் தூக்கிக் காட்டுங்க" என்றாள்.